ரீஸ்லிங்: பெயரை இழந்து மீட்ட ஒரு திராட்சை

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த காலத்தில் மூத்த ஆசிரியர்கள் முதலிற் கற்பித்த பாடம், பெயரைப் பிழையின்றி எழுத வேண்டும் என்பதாகும். செய்தியில் ஏனைய தவறுகளை வாசகர் மன்னித்தாலும் மன்னிப்பார், பெயர் பிழைத்தால் அந்தப் பத்திரிகையையே நம்பமாட்டார் என்பார்கள். ஒப்புநோக்காளர்கள் அந்நாளில் ஒரு பெயருக்காக அச்சு இயந்திரத்தையே நிறுத்திவைத்ததுண்டு. அந்தப் பாடத்தை மீண்டும் எனக்கு நினைவூட்டியது, சற்றும் எதிர்பாராத ஒரு வரலாறு. அது ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் வரலாறு.

மதுவைப் பற்றி எழுதுவது மதுவைப் பரிந்துரைப்பதாகாது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஐரோப்பாவைப் பொறுத்தவரை வைன் என்பது உழவும் வாணிபமும் சட்டமும் சமயமும் கலந்த விடயம். ரீஸ்லிங் ஒரே திராட்சைதான். ஆயினும் அதிலிருந்து, நாவைக் கூசவைக்கும் புளிப்புள்ள உலர்ந்த வைனும் வருகிறது. தேனைப் போன்ற கெட்டியான இனிப்பு வைனும் வருகிறது. இவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிவது, எந்த உணவுடன் எது பொருந்தும் என்ற கேள்விகளுக்குரிய விடை போத்தலில் ஒட்டியுள்ள லேபலில் இருக்கிறது. அந்த லேபலிலுள்ள சொற்கள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு கெட்டன, எவ்வாறு மீண்டன என்பதை அறிந்தவருக்கே அந்த விடை தெளிவாகப் புரியும்.

கணக்கேட்டில் ஒரு வரி

ஜேர்மனியின் ரூசல்ஸ்ஹைம் நகரை இன்று உலகம் அறிவது ஓப்பல் மோட்டார் வாகனங்களால். 1435 ஆம் ஆண்டில் அது காட்செனெல்ன்போகன் பிரபுக்களின் ஆளுகையில் இருந்தது. நான்காம் யொஹான் பிரபுவுக்காகக் கிளவுஸ் கிளைன்ஃபிஷ் என்பவர் எழுதிய செலவுக் கணக்கில், திராட்சைத் தோட்டத்தில் நடுவதற்கான ரீஸ்லிங் பதியன்களுக்கு 22 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு உள்ளது. கணக்கின் திகதி மார்ச் 13. அந்தப் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்று இதுவே. அதனால் மார்ச் 13 ரீஸ்லிங்கின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு திராட்சைக்குப் பிறந்தநாள் இருப்பதே புதுமை. அதனை வழங்கியவர் கவிஞருமல்லர், மன்னருமல்லர். செலவை ஒழுங்காக எழுதிவைத்த ஒரு கணக்கர் என்பது எனக்கு மிகவும் பிடித்தமான செய்தி.

இத்திராட்சையின் பூர்வீகத்தை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் ஓரளவு வெளிப்படுத்தியுள்ளன. பெற்றோரில் ஒன்று, ஹொய்னிஷ் என்று ஜேர்மனியரும் குவே பிளாங் என்று பிரெஞ்சுக்காரரும் அழைக்கும் திராட்சை. ஒரு காலத்தில் குடியானவர்களின் மட்டமான வைனுக்கு உதவிய இனம் அது. புகழ்பெற்ற ஷார்டனே திராட்சைக்கும் அதுவே பெற்றோரில் ஒன்று. குலப்பெருமை பேசுவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

ரீஸ்லிங் குளிரைத் தாங்கும் கொடி. மெதுவாகவும் தாமதமாகவும் பழுக்கும். பழுத்த பின்னரும் அதன் புளிப்பு குறைவதில்லை. அதன் இயல்புகள் அனைத்துக்கும் அடிப்படை இந்தப் புளிப்புத்தான். ரைன் நதிக்கரையிலும் அதன் கிளையாறான மோசலின் செங்குத்தான சரிவுகளிலும் அதனை நட்டார்கள். மோசலில் பிரெம் என்ற ஊருக்கருகே உள்ள கல்மொன்ட் சரிவு, சில இடங்களில் 60 பாகைக்கும் மேலான சாய்வு கொண்டது. அங்கு இயந்திரத்துக்கு இடமில்லை. மனிதர் கையாலேயே பறிக்கவேண்டும். சரிவிலுள்ள கரும்பலகைக் கற்கள் பகலில் வெயிலை உறிஞ்சி இரவில் வெப்பத்தைக் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. நதிநீரும் ஒளியைச் சரிவின் மீது தெறிக்கச் செய்கிறது. குளிர்நாடொன்றில் இத்தனை சாதகங்களும் ஒன்றுசேர்ந்தாற்றான் இந்தத் திராட்சை பழுக்கும்.

தாமதித்து வந்த தூதன்

ரைன்காவ் பிரதேசத்தில் யொஹானிஸ்பேர்க் என்ற குன்றின் மீது பழைய பெனடிக்ற் மடாலயம் ஒன்று இருந்தது. சிதைந்துபோயிருந்த அதனை 1716 ஆம் ஆண்டில் ஃபுல்டா நகரின் மடாதிபதி கொன்ஸ்தாந்தின் வொன் பட்லார் வாங்கினார். 1720 இல் தொடங்கி ஏறத்தாழ 294,000 கொடிகள் அங்கு நடப்பட்டன. ஒரே இனத்தை, அதுவும் ரீஸ்லிங்கை, இவ்வளவு பெருந்தொகையாக நட்டது அக்காலத்தில் புதுமையான செயல். அதுவரை பல இனங்களைக் கலந்து நடுவதே வழக்கமாக இருந்தது.

தோட்டம் ரைன் கரையில், உரிமையாளர் தொலைவிலுள்ள ஃபுல்டாவில். அவரிடமிருந்து அனுமதி வந்தாலன்றி அறுவடை தொடங்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஆண்டுதோறும் மாதிரிப் பழங்களுடன் தூதன் ஒருவன் குதிரையிற் சென்று அனுமதிக் கடிதத்துடன் திரும்புவான். 1775 ஆம் ஆண்டில் அத்தூதன் பல நாட்கள் தாமதித்து வந்தான். கள்வரிடம் அகப்பட்டான் என்றும், வழியில் ஒரு பெண்ணிடம் மயங்கினான் என்றும் கதைகள் பல உண்டு. எது உண்மையாயினும், அவன் வந்து சேர்ந்தபோது பழங்கள் கொடியிலேயே சுருங்கிப் பூஞ்சணம் பிடித்திருந்தன. வேறுவழியின்றி அவற்றையே பறித்துப் பிழிந்தார்கள். மறுவருடம் அந்த வைனைச் சுவைத்தவர்கள் வியப்படைந்தனர்.

அந்தப் பூஞ்சணத்தை ஜேர்மனியர் மேன்மையான அழுகல் என்ற பொருளில் எடெல்ஃபோய்லே என்பர். அதன் விஞ்ஞானப் பெயர் பொட்ரைற்றிஸ் சினேரியா. பழத்தின் தோலில் அது நுண்ணிய துளைகளை ஏற்படுத்த, நீர் ஆவியாகிவிடுகிறது. சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிந்து எஞ்சுகின்றன. ஹங்கேரியின் டொகாய் பிரதேசத்தினர் இதனை ஒரு நூற்றாண்டு முன்னதாகவே அறிந்திருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். எனினும் ரைன் நதிக்கரையில் பிந்திப் பறிப்பது ஒரு முறையாக நிலைபெற்றது அந்தத் தாமதத்தின் பின்னரே. பிந்திய அறுவடை என்று பொருள்படும் ஸ்பேட்லேசே என்ற சொல்லும் அவ்வாறே வழக்கத்துக்கு வந்தது. அந்தத் தூதனுக்கு யொஹானிஸ்பேர்க் மாளிகை முற்றத்தில் இன்று சிலை இருக்கிறது. கடமையில் தவறியதற்காகச் சிலை பெற்றவர்கள் உலகில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

பின்னர் 1787 இல் திரியர் நகரின் ஆட்சியாளரான பேராயர் கிளெமென்ஸ் வென்சஸ்லவுஸ், மோசல் பகுதியில் தரமற்ற கொடிகளைப் பிடுங்கி நல்ல இனங்களை நடுமாறு ஆணையிட்டார். மோசலில் ரீஸ்லிங் பரவுவதற்கு அந்த ஆணை வழிகோலியது. 19 ஆம் நூற்றாண்டில் ரீஸ்லிங் தன் புகழின் உச்சியை அடைந்தது. ஹொக்ஹைம் என்ற சிற்றூரின் பெயரைச் சுருக்கி, ரைன் வைன்கள் யாவற்றையும் ஹொக் என்றே ஆங்கிலேயர் அழைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் லண்டன் வணிகர்களின் விலைப்பட்டியல்களில், பொர்தோவின் முதற்தர வைன்களுக்குச் சமமாகவும் சில வேளைகளில் அவற்றை விஞ்சியும் ரைன் வைன்கள் விலைபோயின.

பெயர் கெட்ட கதை

அத்தகைய ஒரு திராட்சை, எமது காலத்தில் மலிவான சர்க்கரைத் தண்ணீர் என்று இகழப்படும் நிலைக்கு எவ்வாறு வந்தது? காரணங்கள் பல.

முதலாவது, இரு உலகப்போர்களும் அவற்றுக்கிடையே நிகழ்ந்த கொடுமையும். ஜேர்மன் வைன் வாணிபத்தின் பெரும்பகுதி யூத வணிகக் குடும்பங்களின் கையில் இருந்தது. நாற்சிகள் அவர்களை விரட்டியதுடன், தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவும் வெளிநாட்டுத் தொடர்புகளும் அழிந்தன.

இரண்டாவது, தொழில்நுட்பம். போருக்குப் பின்னர், நொதியங்களை முற்றாக வடிகட்டி நீக்கும் முறை பரவலாயிற்று. புளிக்காத திராட்சைச் சாற்றைச் சேர்த்து எந்த வைனையும் மலிவாக இனிப்பாக்க அது வழிசெய்தது. முன்பு இனிப்பு என்பது அரிய இலையுதிர்காலத்தின் கொடை. இப்போது அது தொழிற்சாலையின் தீர்மானம். அத்துடன் முல்லர்-துர்காவ் என்ற கலப்பினம் பரவியது. சுவிற்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தைச் சேர்ந்த ஹேர்மன் முல்லர் 1882 இல் கைசன்ஹைம் நகரில் உருவாக்கிய இனம் அது. விரைவில் பழுக்கும், நிறையக் காய்க்கும், சமதரையிலும் வளரும். ஆனால் ரீஸ்லிங்கின் ஆழம் அதற்கில்லை. 1970 களில் ஜேர்மனியில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட திராட்சை அதுவாயிற்று.

மூன்றாவதே மிகப் பாரதூரமானது. 1971 ஆம் ஆண்டின் ஜேர்மன் வைன் சட்டம், பறிக்கும்போது பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு வைனின் தரத்தை வகுத்தது. எந்தச் சரிவில் விளைந்தது, எந்த இனம் என்பவை தரத்தைத் தீர்மானிக்கவில்லை. செங்குத்தான கற்சரிவில் விளைந்த ரீஸ்லிங்குக்கும் உருளைக்கிழங்கு விளையும் சமதரையில் எளிதாய்ப் பழுத்த கலப்பினத்துக்கும் ஸ்பேட்லேசே என்ற ஒரே பட்டத்தைச் சட்டமே வழங்கியது. ஏறத்தாழ 30,000 ஆக இருந்த தோட்டப் பெயர்கள் சுமார் 2,600 ஆகச் சுருக்கப்பட்டன.

இன்னுமொரு மயக்கமும் சேர்ந்தது. மோசலில் பீஸ்போர்ட் என்ற ஊர் உண்டு. பொற்றுளி என்று பொருள்படும் பீஸ்போர்ட்டர் கோல்ட்ரொப்ஃஷென் அங்குள்ள பெயர்பெற்ற சரிவு. பீஸ்போர்ட்டர் மிக்கேல்ஸ்பேர்க் என்பதோ பல ஊர்களின் நிலங்களை ஒன்றிணைத்துச் சட்டம் உருவாக்கிய ஒரு பெரும் வட்டாரம். லேபலைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான தோட்டப் பெயர்கள். வித்தியாசத்தை அறிய வழியே இல்லை.

நான்காவது, பெயரை இரவல் வாங்கியவர்கள். மத்திய ஐரோப்பாவின் வெல்ஷ்ரீஸ்லிங், ரீஸ்லிங்கின் உறவே அல்ல. தென்னாபிரிக்காவில் குரூஷென் என்ற திராட்சை கேப் ரீஸ்லிங் எனப்பட்டது. அவுஸ்திரேலியாவில் ஹன்ரர் நதி ரீஸ்லிங் என்று விற்கப்பட்டது செமியோன் திராட்சை. உண்மையான ரீஸ்லிங் அங்கு ரைன் ரீஸ்லிங் என்று அடைமொழி சூடி நிற்கவேண்டியதாயிற்று.

இவற்றின் விளைவை லீப்ஃப்ரவ்மில்ஷ் என்ற பெயரிற் காணலாம். வோர்ம்ஸ் நகரின் தேவமாதா ஆலயத்தைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டத்துக்குரிய பெயராக அது முதலில் இருந்தது. நாளடைவில் பல பிரதேசங்களில் விளைந்த கலவைகள் யாவும் அப்பெயரைச் சூடின. ரீஸ்லிங் ஒரு துளிகூட இல்லாமல் அதனைத் தயாரிக்கச் சட்டம் இடமளித்தது. அவற்றுள் உலகப் புகழ் பெற்றது புளூ நன் என்ற வணிகப் பெயர். அதனை வளர்த்தவரான பீற்றர் சிக்கேலின் வாழ்க்கையே ஒரு நாவலுக்குரியது. 1922 இல் மைன்ஸ் நகரில் யூத வைன் வணிகக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். நாற்சிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றார். போர்க்கால உளவுத்துறையிலும் பின்னர் சி.ஐ.ஏ.யிலும் பணியாற்றி, பேர்லினிலும் ஹொங்கொங்கிலும் பொறுப்பு வகித்தார். அதன் பின்னர் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். எந்த உணவு எந்த வைனுக்கு என்று தடுமாறிய அமெரிக்கர்களுக்கு, எல்லா உணவுக்கும் பொருந்தும் ஒரே வைன் என்று புளூ நன்னை விளம்பரம் செய்தார். 1970 களில் அது பெரு வெற்றி கண்டது. 2025 பெப்ரவரியில் அவர் தமது 102 ஆவது வயதில் காலமானார். இலட்சக்கணக்கானோரை வைன் பக்கம் அழைத்துவந்தவர் என்ற பெருமை அவருக்குண்டு. ஆயினும் ஜேர்மன் வைன் என்றால் மலிவும் இனிப்பும் என்ற எண்ணம் உறைந்ததும் அத்தகைய வைன்களால்தான்.

இறுதி அடி 1985 இல் விழுந்தது. மலிவான வைனுக்குச் செறிவும் இனிப்பும் இருப்பதாகக் காட்டுவதற்கு ஆஸ்திரியாவில் சிலர் டையெதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத்தைக் கலந்தமை அம்பலமாயிற்று. ஆஸ்திரிய வைன் கலந்த சில ஜேர்மன் போத்தல்களிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. குற்றம் செய்தவர் சிலர். தண்டனை இரு நாடுகளின் நேர்மையான உழவர்கள் அனைவருக்கும்.

மீட்சி

அந்த அடியே திருப்புமுனையுமாயிற்று. ஆஸ்திரியா அதே ஆண்டில் கடுமையான சட்டத்தை இயற்றியது. டனியூப் கரையிலுள்ள வாகாவ் பிரதேசத்தின் உலர்ந்த ரீஸ்லிங் இன்று உலகின் சிறந்தவற்றுள் ஒன்று. பிரான்ஸின் அல்சாஸ் பிரதேசமோ வோஜ் மலைகள் மழையைத் தடுக்கும் நிலத்தில் தன் உலர்ந்த ரீஸ்லிங்கை விடாது காத்துவந்தது. அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள், தக்கையின் பழுதால் வைன் கெடுவதைக் கண்டு சலித்து, 2000 ஆம் ஆண்டு விளைச்சலை ஒன்றுசேர்ந்து திருகுமூடியில் அடைத்தனர். மலிவின் அடையாளமாகக் கருதப்பட்ட திருகுமூடிக்கு மதிப்புத் தேடிக்கொடுத்தவர்கள் அவர்களே.

ஜேர்மனியில் 1910 இல் நிறுவப்பட்ட வி.டி.பி. என்ற முன்னணி உற்பத்தியாளர் சங்கம், சட்டம் அழித்த தோட்ட மதிப்பைத் தானே மீட்க முனைந்தது. உயர்ந்த சரிவுகளில் விளைந்த உலர்ந்த வைன்களுக்கு குரோஸெஸ் கெவெக்ஸ் என்ற பட்டத்தை அது வழங்கியது. 1990 களின் நடுவில் ரீஸ்லிங் மீண்டும் ஜேர்மனியின் முதலாவது திராட்சையாயிற்று. இன்று ஏறத்தாழ 24,000 ஹெக்டேயரில் அங்கு அது விளைகிறது. ஈற்றில், அரை நூற்றாண்டின் பின், 2021 இல் சட்டமே திருத்தப்பட்டது. விளைந்த இடம் எவ்வளவு குறுகியதோ தரம் அவ்வளவு உயர்ந்தது என்பது புதிய தத்துவம். பெரும் வட்டாரப் பெயர்களுக்கு முன்னால் பிரதேசம் என்ற சொல்லைக் கட்டாயம் இடவேண்டும் என்ற விதி, மாறுதற்காலம் முடிந்து 2026 விளைச்சலிலிருந்து செயற்படுகிறது. ஒரு பிழைத்திருத்தம் வெளியிட ஐம்பது ஆண்டுகள்!

லேபலை வாசிப்பது எப்படி?

நொதியம் சர்க்கரையை உண்டு மதுசாரத்தை ஆக்குகிறது. அதனை இடைநடுவில் நிறுத்தினால் சர்க்கரை எஞ்சும், மதுசாரம் குறையும். எனவே மதுசாரம் நூற்றுக்கு 7 முதல் 9 வரை என்றிருந்தால் அந்த ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்புள்ளது. 12 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் உலர்ந்தது. ட்ரொக்கன் என்ற சொல் உலர்ந்தது என்பதையும் ஹல்ப்ட்ரொக்கன் என்பது பாதி உலர்ந்தது என்பதையும் குறிக்கும்.

உலர்ந்த ரீஸ்லிங்கில் தேசிக்காய், பச்சை அப்பிள், வெண்ணிறப் பூக்கள், நனைந்த கல் ஆகியவற்றின் மணம் தோன்றும். மீனுக்கும் நண்டுக்கும் தேசிப்புளி பிழிவதற்குப் பதில் இந்த வைன் நிற்கும். அல்சாஸ் மக்கள் புளித்த கோவாவையும் பன்றி இறைச்சியையும் சேர்த்துச் சமைக்கும் உணவுடன் இதனை அருந்துவர். கொழுப்பைப் புளிப்பு வெட்டுகிறது.

கபினெட் என்பது பிராடிகாட் படிகளில் முதலாவது. மெல்லிய இனிப்பும் குறைந்த மதுசாரமும் கொண்ட மோசல் கபினெட், காரமான உணவுக்கு மிகப் பொருத்தமானது. மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும். சிறிது சர்க்கரை அதனைத் தணிக்கும். தாய்லாந்து, சிச்சுவான் உணவுகளுக்கு இதனையே பரிந்துரைப்பார்கள். புளியும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த எமது மீன்குழம்புக்கும் இதே நியாயம் பொருந்தும். பழுத்த பீச், அப்ரிக்கொட் மணமுள்ள ஸ்பேட்லேசே, வாத்து இறைச்சிக்கும் பழம் சேர்த்துச் சமைத்த பன்றி இறைச்சிக்கும் இசையும்.

தெரிந்தெடுத்த குலைகளிலிருந்து வருவது அவுஸ்லேசே. உப்பும் காரமும் மிக்க நீலப் பாலாடைக்கட்டி அதற்குத் துணை. பேரன்அவுஸ்லேசே, ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேசே என்பன பூஞ்சணம் பிடித்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிந்தவை. தேன், உலர்ந்த பழம், இஞ்சி ஆகியவற்றின் மணம் கொண்டவை. இவற்றைத் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் அருந்துவதே சிறப்பு. பலகாரத்துடன் பரிமாறினால், பலகாரத்தை விட வைன் இனிப்பாக இருக்கவேண்டும். இல்லையேல் வைன் வெறும் புளிப்பாகத் தோன்றும். பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகை செல்சியஸ் குளிரில் உறைந்த பழத்தைப் பிழிந்து பெறுவது ஐஸ்வைன். 2019 விளைச்சலில் ஜேர்மனியின் எந்தப் பிரதேசத்திலும் அதற்குப் போதிய குளிர் வரவில்லை என்று 2020 மார்ச்சில் ஜேர்மன் வைன் நிறுவனம் அறிவித்தது. பூமி வெப்பமடைவதற்கு அதுவும் ஒரு சாட்சி.

முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை எழுவதுண்டு. முதன்முறை நுகர்பவர் கெட்டுவிட்டதென்று நினைப்பார். டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இயற்கைச் சேர்மம் அதற்குக் காரணம். வெயில் அதிகம் பட்ட பழத்திலும் நாள்பட்ட போத்தலிலும் அது மிகும். அளவோடு இருந்தால் அது முதுமையின் அழகு.

இவை யாவற்றையும் ஒன்றாகப் பிணைப்பது அந்தப் புளிப்பு. இனிப்பைத் திகட்டவிடாமற் காப்பதும், நல்ல ஸ்பேட்லேசேயைப் பல பத்தாண்டுகள் வாழவைப்பதும் அதுவே. இனிப்பானதெல்லாம் மட்டமானது என்று ஒரு தலைமுறை நம்பியது. உண்மையில் மட்டமாயிருந்தது இனிப்பன்று. லேபல் சொன்னதும் போத்தலில் இருந்ததும் வெவ்வேறாக இருந்தமையே.

1435 இல் அந்தக் கணக்கர் தாம் என்ன வாங்கினாரோ அதனையே எழுதினார். ஒரு தொழிலின் மானம் அவ்வளவு எளிய ஒன்றிலேயே தங்கியிருக்கிறது. வைன் உற்பத்தியாளர்கள் அதனை மீண்டும் கற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டுகள் எடுத்தன. தலைப்பு ஒன்றும் உள்ளே வேறொன்றுமாகச் செய்தி விற்கும் எமது தொழிலுக்கு எத்தனை ஆண்டுகள் எடுக்குமோ?